அறுபத்தாறாம் நம்பர் ஜெர்சியும் பைக் செயினும்

கேள்வி:

சார், இதையெல்லாம் ஒரு மனநல ஆலோசகரிடம் கேட்கலாமா என்று தெரியவில்லை, சிரிக்காதீர்கள். எனக்கு 39 வயது. ஊர் புதுச்சேரி, முத்தியால்பேட்டை. ஒரே கம்பெனியில் 16 வருடமாக வேலை. 2005-ல் இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் கால்பந்து ஃபைனலைத் தம்பியோடு உட்கார்ந்து பார்த்த ராத்திரியிலிருந்து நான் இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்புக்கு ரசிகன். நடுராத்திரி ஆட்டம் என்றால் அம்மா எழுந்துவிடக் கூடாதே என்று சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்போம். ட்ரென்ட் அலெக்ஸாண்டர்-ஆர்னால்ட் ஆறு வயதிலிருந்து எங்கள் கிளப்பில் வளர்ந்த பையன், லிவர்பூல் ஊர்க்காரன். 2019-ல் பார்சிலோனாவுக்கு எதிராக அவன் அந்த கார்னரை எடுத்தபோது நானும் தம்பியும் மொட்டை மாடியில் ஓடினோம், கைலி அவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை. அவன் 2025-ல் ரியல் மாட்ரிட்டுக்குப் போய்விட்டான். எனக்கு இன்னும் ஆறவில்லை. வாட்ஸ்அப் குழுவில் சண்டை போட்டு வெளியே வந்தேன். என்னை மாதிரியே தம்பிக்கும் வலிக்கும் என்று நினைத்தேன், அவன் 'விடுண்ணே' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். 'உங்க சம்பளத்தைக் குறைச்சாக்கூட இவ்வளவு கோபப்பட மாட்டீங்க' என்கிறார் மனைவி. என் மகனுக்கு 11 வயது. அவன் ட்ரென்டின் 66-ஆம் நம்பர் ஜெர்சியைக் கழற்ற மாட்டேன் என்றான். சண்டே மார்க்கெட்டில் நானேதான் வாங்கிக் கொடுத்தேன். போன மாதம் கோபத்தில் அதை எடுத்து பைக் செயினைத் துடைத்துவிட்டேன். அன்றிலிருந்து பையன் என்னோடு பேசுவதில்லை. தம்பியும் இரண்டு வருடம் முன்பு கல்யாணமாகி பிரான்ஸ் போய்விட்டதால் இதைப் பேச ஆளில்லை. எனக்குப் பைத்தியமா சார்?

பதில்:

சிரிக்கவில்லை. சரி, ஒரே ஒரு இடத்தில் சிரித்தேன், உங்கள் மனைவி சொன்ன சம்பளக் கணக்கில், அவரிடம் சொல்லிவிடுங்கள். பைத்தியமெல்லாம் இல்லை. என் அறைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தூக்கம் வரவில்லை என்பார்கள், நெஞ்சு படபடக்கிறது என்பார்கள், வாயுத் தொல்லை என்று சொல்லிக்கொண்டு மூன்று மாதம் வந்தவர்கூட உண்டு, மனசு வலிக்கிறது என்று முதல் நாளே சொல்கிறவர் அபூர்வம். நீங்கள் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டீர்கள்.

ஆனால் செயின் துடைத்தது தப்பு. இதை முதலிலேயே சொல்லிவிட்டு மேலே போகிறேன், இல்லாவிட்டால் நான் உங்களுக்காகப் பரிந்து பேசுவதை எல்லாம் படித்துவிட்டு அதையும் சேர்த்து நியாயப்படுத்திக்கொள்வீர்கள்.

வலி நிஜம். அதில் சந்தேகமே வேண்டாம். 1956-ல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்று இரண்டு அமெரிக்கர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். டிவி வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலம் அது. திரையில் வாராவாரம் பார்க்கிற ஒருவரோடு நமக்கு ஒரு பழக்கம் உண்டாகிவிடுகிறது, நேரில் பழகுகிறவர் மீது வைக்கிற மாதிரியே பாசம், உரிமை, கோபம் எல்லாம் அவர் மீதும் வந்துவிடுகிறது, என்ன ஒன்று, அவருக்கு நாம் இருப்பதே தெரியாது என்பதுதான் அதன் சாரம். அவர்கள் அதற்குப் புதிதாக ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது. நமக்கு அந்தச் சிரமம் இல்லை, தொல்காப்பியத்திலேயே கைக்கிளை என்று ஒன்று இருக்கிறது. காதலுக்கு வைத்த பெயர்தான், ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்த வார்த்தைதான் ஞாபகம் வந்தது. ஒரு தலை மட்டும் உருகுவது.

இதில் கொடுமை என்னவென்றால், நிஜமாகவே பழகின ஒருவர் ஊரை விட்டுப் போனால் டீக்கடையில் சொல்லுவார், வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போவார், நாமும் நாலு வார்த்தை திட்டிவிட்டு பஸ் ஏற்றி விடுவோம். உங்களுக்கு அந்தச் செய்தி செல்போன் திரையில் வந்திருக்கும், வேலை நேரத்தில், பக்கத்தில் இருப்பவருக்குச் சொன்னால் 'யாரு அது?' என்று கேட்டிருப்பார். வழியனுப்பவே முடியாத பிரிவு. கென்னத் டோக்கா என்பவர் 1989-ல் இந்த மாதிரித் துக்கங்களைப் பற்றி ஒரு புத்தகமே கொண்டுவந்தார்: ஊர் துக்கமென்று ஒத்துக்கொள்ளாத துக்கம். நம் பக்கம் ஒரு சாவு விழுந்தால் எல்லாவற்றுக்கும் முறை இருக்கிறது. பந்தல் போடுவார்கள், நாற்காலி வரும், பக்கத்து வீட்டிலிருந்து காபி வரும், பதினாறாம் நாள் வரைக்கும் யாராவது வந்து விசாரித்துக்கொண்டே இருப்பார்கள். உங்கள் துக்கத்துக்கு யார் வருவார்கள்? வீட்டில் சிரிக்கிறார்கள், ஆபீஸில் சொல்லவே முடியாது.

அப்படி இடமில்லாமல் போகிற துக்கம் சும்மா இருக்காது. கோபமாக வேஷம் கட்டிக்கொள்ளும். ஏனென்றால் அழுதால் தனியாகத்தான் அழ வேண்டும், திட்டினால் கூட்டம் சேரும். 2025 மே 11, ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் ட்ரென்ட் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்தபோது சொந்த மைதானமே அவரைப் பார்த்துக் கூச்சலிட்டதே, லீக் பட்டத்தை ஜெயித்து இரண்டே வாரம்தான் ஆகியிருந்தது, கொண்டாட்டத்தில் இருக்க வேண்டிய கூட்டம் அது. நவம்பரில் மாட்ரிட் சட்டையோடு லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்துக்கு வந்தபோது மறுபடியும் அதே கூச்சல். நீங்களும் டிவி முன்னால் நின்று கத்தியிருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். அந்த ஐந்து நிமிடம் நன்றாகத்தான் இருந்திருக்கும், அறுபதாயிரம் பேர் உங்களோடு சேர்ந்து துக்கம் விசாரிக்க வந்த மாதிரி.

உங்கள் கடிதத்தில் 'எங்கள் கிளப்' என்று இருக்கிறது. இதையும் ஒருவர் ஆராய்ந்திருக்கிறார். ராபர்ட் சால்டினியும் அவருடைய கூட்டாளிகளும் 1976-ல் வெளியிட்ட ஆய்வு அது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், அவர்கள் ஊர் ஃபுட்பால்தான், வேறு விளையாட்டு, சனிக்கிழமை அணி ஜெயித்தால் திங்கட்கிழமை வகுப்புக்குப் பல்கலைக்கழகப் பெயர் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிற மாணவர்கள் அதிகம். போனில் கூப்பிட்டுக் கேட்டால், ஜெயித்த ஆட்டத்துக்கு 'நாம ஜெயிச்சோம்', தோற்ற ஆட்டத்துக்கு 'அவங்க தோத்துட்டாங்க'. நம் டீக்கடையில் உட்கார்ந்து எழுதின ஆய்வு போலவே இருக்கிறது இல்லையா? இருபது வருடமாக நீங்கள் 'நாம' என்று சொல்லிச் சொல்லியே அந்த அணியைக் குடும்ப அட்டையில் சேர்த்துவிட்டீர்கள். இப்போது அந்த அட்டையிலிருந்து ஒரு பெயரை நீக்க வேண்டியிருக்கிறது, தாலுகா ஆபீஸில் அலைந்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு சிரமம் என்று.

சரி, இப்போது ட்ரென்ட் பக்கத்துக்கு வருவோம். கோபப்படாமல் படியுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் சண்டை எதைப் பற்றி இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது, 'கிளப்புக்குப் பத்துப் பைசா கிடைக்காமல் ஃப்ரீயாகப் போய்விட்டான்' என்பதுதானே? ஒரு மாதம் முன்னதாகக் கூட்டிப்போக மாட்ரிட் கொஞ்சம் பணம் கொடுத்தது என்பதை விடுங்கள், கேள்வி அதுவல்ல. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரன் தன் இஷ்டப்படி போகலாம் என்ற உரிமை சும்மா வந்ததில்லை. ஜான்-மார்க் போஸ்மான் என்று ஒரு பெல்ஜியக்காரர், லியேஜ் அணிக்கு ஆடியவர், ஒப்பந்தம் முடிந்த பிறகு பிரான்ஸில் டன்கெர்க் அணிக்குப் போக நினைத்தார். பழைய கிளப் பணம் கேட்டு விடமாட்டேன் என்றது. ஒப்பந்தமும் கிடையாது, போகவும் முடியாது, கொத்தடிமை மாதிரிதான். அவர் வழக்குப் போட்டு 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஜெயித்தார். அவருடைய ஆட்ட வாழ்க்கை அதோடு வீணாய்ப் போனது, பலனை அனுபவிக்கிறவர்கள் மற்றவர்கள். நீங்கள் 16 வருடம் வேலை பார்க்கிற கம்பெனி, ஒப்பந்தம் முடிந்த பிறகும் 'வேறு கம்பெனிக்குப் போனால் எங்களுக்குப் பணம் கட்டு' என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார மாட்டீர்களா?

இன்னொன்று. நீங்கள் இஸ்தான்புல் ரசிகர், இதை மறந்திருக்க முடியாது. 2005 மே 25, அந்த ஃபைனலில் மூன்று கோல் பின்தங்கி, கேப்டன் ஜெரார்டு தலையால் முட்டிய கோலில் ஆரம்பித்து, மூன்றையும் சமன் செய்து பெனால்டியில் ஜெயித்தோம் (பார்த்தீர்களா, எனக்கும் 'தோம்' வருகிறது, நான் லிவர்பூல் ரசிகனே இல்லை). அது நடந்து ஆறு வாரத்தில், ஜூலையில், அதே ஜெரார்டு கிளப்பை விட்டுப் போகிறேன் என்றார், லண்டனின் செல்ஸீ கிளப் கதவைத் திறந்து வைத்திருந்தது. ரசிகர்கள் அவர் பெயர் போட்ட ஜெர்சியைக் கொளுத்தினார்கள். மறுநாள் அவர் மனசு மாறி இருந்துவிட்டார், கொளுத்தினவர்களும் மறந்துவிட்டார்கள், பத்து வருடம் கழித்து 2015-ல் அவர் அமெரிக்கா போனபோது எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். மொத்தம் 710 ஆட்டங்கள். சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம் கிரிஸ்டல் பேலஸிடம் தோல்வி, அதற்கடுத்த வாரம் ஸ்டோக்கிடம் ஆறுக்கு ஒன்று, அந்த ஒன்றையும் அவரேதான் அடித்தார். அன்றைக்கு உங்களுக்கு வலித்ததா இல்லையா? வலித்திருக்கும். துரோகம் எதுவும் நடக்கவில்லையே, பின்னே ஏன்?

இத்தாலியின் ரோமா கிளப்பில் ஃபிரான்செஸ்கோ டோட்டி என்று ஒருவர், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, 25 சீசன் ஒரே கிளப், மாட்ரிட் கூப்பிட்டும் போகாதவர். 2017 மே 28 அன்று கடைசி ஆட்டம் முடிந்து மைதானத்தில் நின்று கடிதம் படித்தபோது அரங்கத்தில் தாத்தாவிலிருந்து பேரன் வரைக்கும் அழுதார்கள். எங்கும் ஓடிப் போகாதவர் ஓய்வு பெற்றதற்கே அந்த அழுகை. அதனால்தான் சொல்கிறேன், துரோகம் என்று நீங்கள் வைத்திருக்கிற பெயர் உங்கள் வலிக்குச் சரியாகப் பொருந்தவில்லை, கொஞ்சம் பெரிய சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறது அது.

கிளப்புகள் செய்வதை நாம் இவ்வளவு கோபமாகப் பார்ப்பதில்லை என்பதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். தாமஸ் முல்லர் பத்து வயதில் பேயர்ன் மூனிக்கில் சேர்ந்தவர், 25 வருடம், 750-க்கு மேல் ஆட்டம். இருக்க ஆசைப்பட்டார், 2025-ல் புது ஒப்பந்தம் இல்லை என்று கிளப் சொல்லிவிட்டது. 2015-ல் இக்கர் காசியஸ் மாட்ரிட்டை விட்டுப் போனபோது ஒரு தாளை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து படித்து, படிக்க முடியாமல் அழுதார். ஒன்பது வயதில் வந்து சேர்ந்த கிளப் அது. மெஸ்ஸி 2021-ல் பார்சிலோனாவை விட்டது அவர் இஷ்டமும் இல்லை, புது ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய லீகின் பண வரம்பு இடம் கொடுக்கவில்லை. நம் பக்கத்திலேயே பாருங்கள், சென்னையின் எஃப்.சி.யில் ஏழு வருடம் ஆடி கேப்டனாகவும் இருந்த அனிருத் தாப்பா 2023-ல் மோகன் பகானுக்குப் போனார். ஈசிஆரில் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய் அவருக்காகத் தொண்டை கிழியக் கத்தின புதுச்சேரிப் பையன்களை எனக்குத் தெரியும், அவர்கள் கோபம் ஒரு சீசன்தான் இருந்தது. நேரில் பார்த்த கோபம் சீக்கிரம் ஆறிவிடுகிறது போலிருக்கிறது. இது ஆராய்ச்சி முடிவு கிடையாது, என் ஊகம்.

ட்ரென்ட் மீது எனக்கும் ஒரு வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன். சீசன் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்து, லீக் ஜெயித்த பிறகு மே 5-ஆம் தேதி ஒரு வீடியோவில் சொன்னது, சொன்ன விதம் சரியில்லை என்று நினைக்கிறேன். ஆனால் முன்னாடியே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் கூச்சல் பிப்ரவரியிலேயே ஆரம்பித்திருக்கும். கல்யாணப் பேச்சு முடிகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருக்கும் வீடுகள் நம்மிடம் எத்தனை!

இந்த விஷயத்தில் யோக்கியன் மாதிரி உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஒரு சம்பவம் சொல்கிறேன்.

எனக்கு 13 வயது. எங்கள் தெரு அணியில் ஒரு அண்ணன் இருந்தார், தடுப்பாட்டக்காரர், ஒன்பது வருடம் எங்களுக்கு ஆடியவர். வெறுங்காலில் ஆடுவார், கட்டைவிரல் நகம் ஒன்று எப்போதும் கறுத்தே இருக்கும். எங்களுக்கெல்லாம் பந்தை மாரில் நிறுத்தக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் வெளியூரில் ஒரு வேலை கிடைத்துப் போய்விட்டார், வேலை கொடுத்த இடத்துக்கே ஆட வேண்டும் என்பது நிபந்தனை. வீட்டில் மூன்று தங்கைகள். அதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும், எங்களுக்கு என்ன தெரியும், போய்விட்டார் என்பது மட்டும்தான் தெரியும். அடுத்த வருடம் உப்பளம் மைதானத்தில் ஒரு போட்டியில் அந்த அணியோடு வந்தார், எங்களுக்கு எதிராக. தொட்டதற்கெல்லாம் ஊளையிட்டோம். இடைவேளை விசில் ஊதியதும் வியர்வை சொட்டச் சொட்ட, தலையைக் குனிந்தபடி, பழக்க தோஷத்தில் நேராக எங்கள் பக்கம் நடந்து வந்துவிட்டார் மனுஷன். தண்ணீர்க் குடம் என் கையில் இருந்தது, நான்தான் அன்றைக்குத் தண்ணீர்ப் பையன். ஒன்பது வருடம் அந்தக் குடத்தைச் சாய்த்து வாயில் ஊற்றிக்கொண்டவர், கையை நீட்டிவிட்டு அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார். நான் குடத்தை இடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டேன். பச்சை பிளாஸ்டிக் குடம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, 'அட, தப்பான பக்கம் வந்துட்டேன்டா' என்று சிரித்துவிட்டுத் திரும்பி நடந்தார். நாற்பது வருடம் ஆகப்போகிறது, அந்த முதுகு இன்னும் தெரிகிறது.

2019-ல் நீங்கள் மாடியில் ஓடின அந்த கார்னரில்கூட ஒரு 14 வயதுப் பையன் உண்டு. கோட்டுக்கு வெளியே நின்ற அந்தப் பையன் பந்தைச் சட்டென்று எறிந்ததால்தான், பார்சிலோனாக்காரர்கள் திரும்பி நின்றுகொண்டிருந்தபோதே ட்ரென்ட், விலகிப் போகிற மாதிரி இரண்டு அடி வைத்து, திரும்பி வந்து உதைக்க முடிந்தது, சக ஆட்டக்காரர் ஒரிகி கோல் அடித்தார். நம் ஊர் நேரப்படி ராத்திரி இரண்டு மணி தாண்டியிருக்கும். மே மாதப் புழுக்கம், மாடி, அவிழ்ந்த கைலி. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ஆறு வருடத்துக்கு முந்தைய அந்த ராத்திரியை நீங்கள் இவ்வளவு சுத்தமாக ஞாபகம் வைத்திருப்பதற்கு ட்ரென்ட் மட்டுமா காரணம்?

உங்கள் கடிதத்தில் தம்பி என்ற வார்த்தை நான்கு இடத்தில் வருகிறது. இஸ்தான்புல் ராத்திரியில் இருக்கிறார், மாடியில் இருக்கிறார், 'விடுண்ணே' என்கிறார், கடைசியில் பிரான்ஸில் இருக்கிறார். நான்காவது இடத்தைக் கடைசி வரியில், போகிற போக்கில், ஏதோ பின்கோடு எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள்.

நம் ஊரில் இது சாதாரணம்தான். 1962-ல் புதுச்சேரியை பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்தது சட்டப்படி முடிந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவர்கள் வீட்டில் சம்பந்தம் செய்தவர்கள் என்று எத்தனையோ குடும்பத்தில் ஒருவராவது அங்கே இருப்பார். வேன் பிடித்து மீனம்பாக்கம் வரைக்கும் போய்க் கையசைத்துவிட்டு வருவோம், வந்து 'செட்டில் ஆயிட்டான்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அதில் அழ இடமே கிடையாது, நல்ல காரியம் அது, யாரைத் திட்டுவது? தம்பி நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நீங்களும் நினைக்கிறீர்கள். அவர் மீது ஒரு துளிகூடக் கோபப்பட முடியாது. ஆனால் ட்ரென்டை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், அவனும் சொந்த ஊரில் பிறந்து, கூடவே வளர்ந்து, நல்ல வாழ்க்கை தேடி வெளியூர் போனவன்தான்.

எல்லாவற்றுக்கும் அடியில் வேறொன்று இருக்கிறது என்று தோண்டுவது எங்கள் தொழிலின் வியாதி, அதனால் இதை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். கால்பந்து வலி கால்பந்து வலியாகவும் இருக்கலாம். தம்பி பக்கத்துத் தெருவில் இருந்திருந்தாலும் உங்களுக்கு வலித்திருக்கும். ஆனால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன், இரண்டு பேரும் மாடியில் உட்கார்ந்து விடிய விடியத் திட்டித் தீர்த்திருப்பீர்கள். இப்போது திட்டுவதற்குக்கூடக் கூட்டாளி இல்லை. 'விடுண்ணே' என்று அவர் சொன்னது உங்களுக்கு ட்ரென்ட் போனதைவிட அதிகமாக வலித்திருக்கும், எனக்கென்னவோ அப்படித்தான் படுகிறது.

இப்போது பையன் விஷயம். இதுதான் அவசரம், மற்றது எல்லாம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் பாசம் கிளப் மீது, அவன் பாசம் ஆள் மீது. இரண்டும் இரண்டு வகை, இதில் எது உசத்தி என்று கிடையாது. உங்களுக்கு 19 வயதில் ஒரு கோப்பை வழியாக லிவர்பூல் கிடைத்தது, அவனுக்கு ஒரு ஆட்டக்காரன் வழியாகக் கிடைத்தது. இப்போதைய பிள்ளைகள் நிறையப் பேர் அப்படித்தான், பார்சிலோனா மெஸ்ஸி பாரிஸ் போனதும் பாரிஸ் சட்டை, மயாமி போனதும் இளஞ்சிவப்புச் சட்டை, கடற்கரைச் சாலையில் ஒரு சாயங்காலம் நின்றால் எண்ணிக்கொண்டே இருக்கலாம். அவனிடம் போய் விசுவாசம் என்றால் என்ன என்று பாடம் எடுக்காதீர்கள், அவன் பார்வையில் விசுவாசமாக இருக்கிறவன் அவன்தான்.

மன்னிப்புக் கேளுங்கள். சாப்பாட்டுத் தட்டு முன்னால் வேண்டாம், அம்மா, பாட்டி எல்லாரும் இருக்கிற இடத்தில் வேண்டாம், பைக்கில் பின்னால் உட்கார வைத்து எங்கேயாவது போகும்போது கேளுங்கள். முகம் பார்க்காமல் பேசும்போது ஆண் பிள்ளைகள் கொஞ்சம் சுலபமாகப் பேசுவார்கள், அப்பாக்களும்தான். 'எனக்கு அவன் மேல கோவம், அதை உன் சட்டை மேல காட்டினது தப்புடா' என்று சொன்னால் போதும். 'ஆனா நீயும்...' என்று ஒரு வாலை ஒட்டாதீர்கள். முதல் தடவை பதில் வராமல் போகலாம், வராவிட்டால் விட்டுவிடுங்கள், சொன்னது உள்ளே போயிருக்கும். அதற்கு முன்னால் புது ஜெர்சி வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அது லஞ்சம், பதினோரு வயதுக்கு அது நன்றாகவே புரியும்.

அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் உள்ளூர் ஆட்டம் ஏதாவது பார்க்கப் போங்கள், உப்பளமோ, கடலூர் மஞ்சக்குப்பம் மைதானமோ. அந்தக் கடலூரிலிருந்துதான் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்குப் போனார் என்று சொல்லுங்கள். கோட்டுக்குப் பக்கத்தில் நின்று புழுதி வாயில் போகிற மாதிரி பார்த்தால் உங்களுக்கும் நல்லது.

வாட்ஸ்அப் குழுவுக்கு இப்போதைக்குத் திரும்ப வேண்டாம். லிவர்பூல் ஆட்டம் போட்டால் எரிச்சலாக இருந்தால் பார்க்காதீர்கள், ஒரு மாதம் பார்க்காவிட்டால் அணி கலைந்துவிடாது. இதெல்லாம் செய்தும் தூக்கம் போய், வேலையில் மனம் நிற்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இழுத்தால், அல்லது கோபம் சட்டையிலிருந்து ஆள் மீது திரும்புகிற மாதிரி இருந்தால், தாமதிக்காமல் நேரில் யாரையாவது பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

தம்பிக்குப் போன் பண்ணுங்கள். ட்ரென்டைப் பற்றிப் பேச வேண்டாம். ஏதாவது ஒரு ஆட்டத்தை வீடியோ காலில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பாருங்கள், பையனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒன்று மட்டும் எச்சரிக்கை: இரண்டு பக்கமும் ஒளிபரப்பு ஒன்றாக வராது, அரை நிமிடம் முன்னே பின்னே இருக்கும். அங்கே அவர் 'கோல்!' என்று கத்தும்போது இங்கே இன்னும் கார்னரே எடுத்திருக்க மாட்டார்கள். என் நண்பர் ஒருவர் இதற்காகவே மச்சானிடம் வாயைக் கையால் பொத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறார், பொத்தின கையைப் பார்த்தே இங்கே கோல் என்று தெரிந்துவிடுகிறதாம்.

அப்புறம் அந்த ஜெர்சி. தூக்கிப் போடவில்லையே? செயின் கிரீஸ் தண்ணீருக்குப் போகாது, முதலில் தண்ணீரே படக் கூடாது. பாத்திரம் கழுவுகிற திரவத்தைக் கறை மீது நேரடியாக ஊற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் உள்பக்கமிருந்து மெதுவாகத் தேய்த்து, அரை மணி நேரம் ஊறவிட்டு அலசுங்கள். ஒரு தடவையில் போகாது, இரண்டு மூன்று தடவை ஆகும். வெந்நீர் வேண்டாம், சண்டே மார்க்கெட் ஜெர்சி என்றால் அந்த 66 உரிந்து வந்துவிடும். அயர்ன் பண்ணவே பண்ணாதீர்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காயப் போடுங்கள், நீங்களே.